அடிபட்டது என்று சொன்னேன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நோட்டு வாங்கி வைத்ததும் உண்டு. முதல் வரி எழுதுவேன், பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று மூடிவிடுவேன். பூஜைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயம், வெட்கம், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வராமல் எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ராமேஸ்வரத்தில் கோயிலின் மேற்கு வாசல் பக்கம் சங்கும் பாசிமணியும் விற்கும் சின்னக் கடை எனக்கு. தினமும் விடியற்காலையில் கடலில் முழுகி, ஈர வேட்டியோடு கோயில் கிணற்றுத் தீர்த்தம் ஒரு பித்தளைச் செம்பு நிறைய எடுத்து வந்து வீட்டுச் சாமிக்கு வைத்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பேன். பொய் சொல்லமாட்டேன் என்று கடைத்தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. வடக்கத்தி யாத்திரைக்காரர் ஒரு சங்கைத் தூக்கி வலம்புரியா என்று கேட்டால், இல்லை, சாதாரணச் சங்குதான் என்று சொல்லிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமை.

என் மனைவி பாம்பன்காரி. அவளுடைய அண்ணன் அங்கே கடல் தொழில் பார்த்தார். ஒரு கார்த்திகை மாதம், நான் விரதத்தில் இருந்தேன். மாதம் முழுக்க வீட்டில் மீன் புழங்கக் கூடாது என்பது என் கட்டளை. ஒருநாள் காலை செம்பில் தீர்த்தத்தோடு வாசலில் கால் வைத்தேன். கருவாட்டு வாசம் அடித்தது.

"என்ன நாத்தம் இது?" என்றேன்.

"அண்ணன் வந்துட்டுப் போச்சு. கடல்லருந்து நேரா வந்து பசிக்குதுன்னுச்சு. அது கொண்டாந்த கருவாட்டுல ரெண்டு துண்டு சுட்டுக் குடுத்தேன். அடுப்படியக் கழுவி விட்டுட்டேங்க."

"கார்த்திகை மாசம்னு தெரியாதா உனக்கு?"

அவள் சிரித்தாள். "சாமியே கடக்கரையிலதான இருக்காரு. அவருக்குத் தெரியாத மீனா?"

அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. இப்போது தெரிகிறது. அப்போது என் கண்ணில் ரத்தம் ஏறிவிட்டது. கையில் இருந்த செம்பை அப்படியே வீசி அவள் இடது தாடையில் அடித்தேன். தண்ணீர் நிறைந்த செம்பு. கதவு நாதாங்கி உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தீர்த்தம் அவள் தலையிலும் சுவரிலும் தெறித்தது. வாயிலிருந்து ரத்தம் கோடாக வழிந்து அந்தத் தண்ணீரோடு சேர்ந்து தரையில் ஓடியது. அவள் கத்தவில்லை. சுவரில் சரிந்து உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. செம்பைச் சாம்பல் போட்டு விளக்கினேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி முழுகித் தீர்த்தம் எடுத்து வரப் போனேன். அவளைத் தாண்டித்தான் போனேன்.

திரும்பி வரும்போது அடுத்த வீட்டு அம்மாள் அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். "என்னய்யா ஆச்சு பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

"செம்பு பட்டுட்டுது. அடிபட்டுட்டுது" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. செம்பு பட்டது உண்மை. அடிபட்டதும் உண்மை. பட்டது என்று சொன்னால் யாரால் பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. மழை பெய்தது மாதிரி, காற்று அடித்தது மாதிரி, தானாக நடந்துவிட்ட காரியம் ஆகிவிடும். சாமிக்கு முன்னால் பொய் சொல்லாத என் பேரும் கெடவில்லை. அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குக் கிடைத்ததற்காக நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் நாள் கன்னம் வீங்கியது. ஏற்கெனவே அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. அதனால் பல்லில் பூச்சி என்று ஆகிவிட்டது பேச்சு. அடுத்த வீட்டு அம்மாள் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து, புகையை அவள் வாய்க்குள் விடப் பார்த்தார். வாய் விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. இரண்டு பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். புகை உள்ளே போனதும் அவளுக்கு இருமல் வந்தது. இருமும்போது தாடை அசைய, அவள் போட்ட சத்தம் மாடு அறுக்கிற இடத்தில்தான் கேட்கும். பூச்சி விழுகிறது என்று சொல்லி அவளை இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. ஊரில் இருந்த மருந்துக்கடைக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது இங்கன ஆகாது. கழுத்துக்குள்ள இறங்கிட்டா மூச்சு அடைச்சிரும். இன்னைக்கே போங்க. பெரிய ஆசுபத்திரின்னா எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டு எழுதுவாக, போலீசுக்குச் சீட்டுப் போகும். ராமநாதபுரத்துல பல் டாக்டர் ஒருத்தரு பிரைவேட்டாப் பாக்குறாரு. வாரத்துக்கு ரெண்டு நா மதுரையிலருந்து ரயில்ல வாராரு, மத்தியான வண்டிக்குத் திரும்பிருவாரு. இன்னைக்கு அவரு வார நாளு."

போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். பிரைவேட் என்றால் யாரும் எதையும் எழுதமாட்டார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது முன்னால் வந்தது என்றால், அந்தப் போலீஸ் பயம்தான் முன்னால் வந்தது.

காலை வண்டி ஏறினோம். பாம்பன் ஸ்டேஷனில் மச்சான் நின்றிருந்தார். யார் மூலமோ தகவல் போயிருக்கிறது. வண்டிக்குள் ஏறித் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்தா இது? மாப்ளே, என்ன மாப்ளே இது?"

"செம்பு பட்டுட்டுது மச்சான்."

"பரண்லருந்து விழுந்துச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் பாலத்தில் ஏறிக் கடலின்மேல் மெதுவாக ஊர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் துண்டைக் கடிக்கப் பார்த்தாள், கடிக்க முடியவில்லை. மச்சான் அவள் தலையைத் தன் மடியில் வைத்து, "பரண்ல எவனாச்சும் பித்தளைச் சாமான வைப்பானா மாப்ளே?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் சொன்னது இரண்டு வார்த்தை. பரணை அவராகவே கட்டிக்கொண்டார். நான் அதைப் பிரிக்கவில்லை.

டாக்டர் அறை கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, குறுகலான மரப்படி ஏறிப் போகவேண்டும். மச்சான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே பெஞ்சு நிறைய ஆள். கன்னத்தில் துண்டு கட்டினவர்களாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவடியில் ஒரு கம்பவுண்டர் நின்றார்.

"டோக்கன் இருக்கா?"

"இல்லீங்க. அவசரம்."

"டாக்டர் பிரைவேட்டாப் பாக்குறாரு. முன்கூட்டியே சொல்லி டோக்கன் வாங்கணும். இன்னைக்கு முடிஞ்சு போச்சு. அடுத்த முறை வாங்க."

"அடுத்த முறைக்கு ஆள் இருக்காதுய்யா" என்றார் மச்சான்.

பெஞ்சில் ஒருவர், "எல்லாருக்கும் வலிதான். நாங்க மட்டும் சினிமா பாக்கவா ஒக்காந்துருக்கோம்?" என்றார். இரண்டு மூன்று பேர் வீங்கின வாயோடு சிரித்தார்கள். மச்சான் அவளை என் கையில் கொடுத்துவிட்டுக் கம்பவுண்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கதவோடு மோதினார். பெஞ்சு சாய்ந்தது. யாரோ மச்சானின் முதுகில் குத்தினார்கள். அவர் திரும்பி அந்த ஆளின் வீங்கின கன்னத்திலேயே அறைந்தார். அந்த ஆள் அலறிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நான் என் மனைவியைச் சுவரோடு சாய்த்து மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் உடம்பு கொதித்தது.

அப்போது அடுத்ததாக உள்ளே போகவேண்டிய ஒருவர் எழுந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி. பெரிய மீசை, தோளில் சிவப்புத் துண்டு. நடுவில் புகுந்து மச்சானை இடுப்போடு பிடித்து நிறுத்தினார்.

"ஏலே நிறுத்துங்கடா! அந்தப் பிள்ளை மூச்சக் கேளுங்கடா ஒரு நிமிஷம்."

எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கரகர சத்தம் மட்டும்தான் இருந்தது.

"இந்தா, என் டோக்கன். நீ போத்தா" என்றார் அவர். பிறகு கம்பவுண்டரிடம், "எனக்கும் அந்தக் கொறடப் பாத்தாப் பயமாத்தான்யா இருக்கு, இன்னொரு நா வாரேன்" என்றார்.

அப்படித்தான் எங்களுக்கு முறை கிடைத்தது.

டாக்டர் வயதானவர். கண்ணாடி. அவளை நாற்காலியில் சாய்த்து, நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். கம்பவுண்டர் கதவைச் சாத்தினார். டாக்டர் ஒரு இரும்பை வைத்து வாயை மெள்ள நெம்பித் திறந்தார். அழுகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"கடவாப்பல் சொத்தை. அடியில சீழ் கட்டியிருக்கு. பிடுங்கிட்டா வடிஞ்சிரும். அடி ஏதும் பட்டுச்சா?"

"அடிபட்டுட்டுது" என்றேன்.

"பரண்லருந்து செம்பு விழுந்துருச்சு டாக்டரய்யா" என்றார் மச்சான்.

டாக்டர் தலையாட்டினார். மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். சீழ் கட்டின இடத்தில் அது சரியாக ஏறாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பல்லின் அடியில் நெம்புகோலைக் கொடுத்து ஒரு தடவை அழுத்தினார். அவள் தொண்டைக்குள்ளேயே கத்தினாள். கால் உதைத்து எனாமல் பேசின் பறந்து சுவரில் மோதியது. டாக்டர் சட்டென்று கையை எடுத்தார். கட்டைவிரலை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை வெளியிலும் வைத்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எலும்பு அசையுது. மேலருந்து விழுற செம்பு தலையில விழும், தோள்ல விழும். தாடைக்குப் பக்கவாட்டுல வந்து இப்படி உடைக்காது. நான் இப்ப பல்லை நெம்பினா தாடை ரெண்டாப் போயிரும், சீழ் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கும், இந்த நாற்காலியிலேயே செத்துப் போவா. எதால, எந்தப் பக்கத்துலருந்து, எத்தனை தடவை? எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னொரு இடத்துலயும் விரிசல் இருக்கலாம்."

"செம்புதான் பட்டுட்டுது" என்றேன் மறுபடியும்.

"செம்புக்குக் கை இருக்காய்யா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம். தனக்காக இல்லை, எனக்காக என்று எனக்குப் புரிந்தது. சாகக் கிடக்கிறவள், அண்ணன் என்னை என்ன செய்வானோ என்று பார்க்கிறாள். சாமி பேரை மனதில் கூப்பிட்டேன். அவன் வரவில்லை, அந்தக் கண்தான் இருந்தது.

"நான் அடிச்சேன். செம்பால அடிச்சேன்" என்றேன்.

மச்சான் அசையவில்லை. நான் சொன்னது அவருக்குள் இன்னும் போகவில்லை.

"எத்தனை தடவை?" என்றார் டாக்டர்.

"ஒரு தடவை. இடது பக்கம். சத்தியமா ஒரு தடவைதான்."

என் மனைவி கையைத் தூக்கினாள். இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு தன் வலது தாடையைத் தொட்டாள். பிறகு கையைத் தாழ்த்தி, என் காலைக் காட்டினாள்.

நான் அதை மறந்திருந்தேன். நம்பினால் நம்புங்கள், உண்மையாகவே மறந்திருந்தேன். அவள் விரலைப் பார்த்ததும் எல்லாம் வந்தது. செம்பை வீசின பிறகு அவள் சாய்ந்து கிடந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போது குதிகாலால் அவள் முகத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போனேன். தினமும் கோயில் பிராகாரம் சுற்றின கால்.

டாக்டர் வலது பக்கம் காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்தார். அவள் துடித்தாள். "இங்கயும் விட்டிருக்கு. இதை அவ சொல்லலேன்னா இந்தப் பக்கத்தை நான் பாத்திருக்கவே மாட்டேன்" என்றார்.

அதற்குமேல் டாக்டர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மச்சான் என் கழுத்தைப் பிடித்துவிட்டார். கதவு எப்படித் திறந்தது என்று தெரியாது. பெஞ்சுகளுக்கு நடுவே என்னை இழுத்துப் போய் மரப்படியில் தள்ளினார். உருண்டு விழுந்தேன். அவர் பின்னாலேயே இறங்கி வந்து மார்பில் உட்கார்ந்து குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ஒரே கேள்விதான்.

"என் கருவாட்டுக்காகவாடா? நான் தின்ன ரெண்டு துண்டுக் கருவாட்டுக்காகவாடா? ஏலே, சொல்லுலே! என் கருவாட்டுக்காகவா?"

நான் கருவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விரத மாதமும், அவர் வந்துபோன காலையும் சேர்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரர்கள் வந்து விலக்கினார்கள். ஆட்டு வியாபாரி மட்டும் விலக்க வரவில்லை. படியோரம் கை கட்டி நின்று பார்த்தார்.

மச்சான் மேலே ஓடிவிட்டார். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை, இடது தோள் கழன்றிருந்தது. அப்படியே கிடந்து மேலே நடப்பதைக் கேட்டேன். பல்லை விட்டுவிட்டுத் தாடைக்குக் கீழே கத்தி வைத்துச் சீழை இறக்கினார்கள். அவள் கத்தினாள். இந்தத் தடவை வாய் திறந்து கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கரகரப்பு இல்லாத ஒரு மூச்சும் கேட்டது. அதைக் கேட்டு நான் படியடியில் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தலையையும் தாடையையும் சேர்த்துத் துணியால் கட்டி அவளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் மதுரைக்குப் போகும் அதே வண்டியில் அவளைப் பெரிய ஆசுபத்திரிக்குத் தானே அழைத்துப் போவதாகச் சொன்னார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார்.

"புருஷன் அடிச்சதுன்னு எழுதியிருக்கேன். பிரைவேட்டுன்னு வந்தீங்க, எழுதாம இருப்பேன்னு நெனச்சுத்தானே வந்தீங்க? மருந்து நான் ரகசியமாக் குடுப்பேன். இதை ரகசியமா வைக்க மாட்டேன். கையெழுத்துப் போடுறீங்களா?"

வலது கையால் போட்டேன். குதிரை வண்டியில் அவளை ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். மச்சான் என்னைப் பார்த்தார். நான் நின்றுவிட்டேன்.

அவள் பிழைத்தாள். தாடையைக் கம்பியால் கட்டி, பல மாதம் கஞ்சித் தண்ணீரிலேயே வைத்திருந்தார்கள். போலீசார் வந்து விசாரித்தார்கள். நான் மறைக்கவில்லை, அவள்தான் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பத்து மாதம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தாள். நான் கை ஓங்கவில்லை. அதைச் சொல்லி ஒரு பேர் வாங்க எனக்கு வாய் இல்லை. வலது பக்கம் அவளால் மெல்ல முடியாது. என் முன்னால் சாப்பிட உட்காரமாட்டாள்.

ஆனால் அவள் ஒன்று செய்தாள். யார் கேட்டாலும், தாடை கோணலைப் பார்த்துக் கேட்கிற பெண்களிடம், "செம்பு விழுந்துருச்சு, அடிபட்டுட்டுது" என்றே சொன்னாள். என் வார்த்தையை என்னிடமிருந்து வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அது வளர்ந்தது. செம்பில் இருந்தது தீர்த்தம் என்பதால் உயிர் தப்பினாள் என்று ஆனது. பிறகு சாமி சோதித்துக் காப்பாற்றினார் என்று ஆனது. என் கடைக்கே வந்து யாத்திரைக்காரர்கள் அந்த அற்புதத்தை என்னிடம் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார்கள். நான் சங்கைத் துடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். பொய் சொல்லாத கடைக்காரன்.

அவள் இறந்த பதினாறாம் நாள், உறவுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பெரியவர் இந்தக் கதையை அற்புதமாகவே சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என்னைக் காட்டி, "தீர்த்தம் கொண்டாந்த புண்ணியவான் இவருதான்" என்றார். அன்றைக்கு எடுத்த நோட்டு இது.

சாமி காப்பாற்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றினான். ஒரு ஆட்டு வியாபாரியைக் கொண்டும், ஒரு டாக்டரைக் கொண்டும், அவளுடைய இரண்டு விரலைக் கொண்டும் காப்பாற்றினான். யாரிடமிருந்து காப்பாற்றினான் என்பதை விட்டுவிட்டு அந்தப் புகழைப் பாடக் கூடாது.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், படிக்கக் கொடுங்கள். என் மேல் இரக்கப்பட்டோ, பெரியவர் பக்திமான் என்று மரியாதைக்காகவோ ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். நான் அடித்தேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் அடிபட்டது என்று படிக்காதீர்கள். இரண்டு தடவை என்பதை ஒன்றாக்காதீர்கள்.